ஆப்-ஆம்ப் சர்க்யூட் மக்கர் பண்ணுகிறதா? ஐசியைப் பிடுங்கும் முன் இதைப் பாருங்கள்

பாலிடெக்னிக்கில் படிக்கும்போது ஒரு மதியம் முழுக்க 741 என்ற ஆப்-ஆம்ப் ஐசிகள் மூன்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சாதாரண இன்வெர்டிங் ஆம்ப்ளிஃபையர்தான், பிளஸ்ஸை மைனஸாகத் திருப்பிப் பெருக்குவது. 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம், பத்து மடங்கு கெயின். 1 வோல்ட் கொடுத்தால் மைனஸ் 10 வர வேண்டும். வந்ததோ மைனஸ் 14. மூன்று ஐசியிலும் அதே மைனஸ் 14. 'எல்லாம் டூப்ளிகேட்' என்று தீர்ப்பு எழுதிவிட்டு நாலாவதை எடுக்கப் போனேன். லேப் அண்ணன் வந்து ஒன்றும் கேட்காமல் மீட்டரை வாங்கி, 2-ஆம் காலுக்கும் (மைனஸ் இன்புட்) 3-ஆம் காலுக்கும் (பிளஸ் இன்புட்) நடுவே வைத்தார். 1 வோல்ட் காட்டியது. "ஃபீட்பேக் வரலப்பா, ரெசிஸ்டரைப் பாரு" என்றார். அவுட்புட்டான 6-ஆம் காலில் செருக வேண்டிய 100 கிலோ ஓம் 8-ஆம் கால் வரிசையில் உட்கார்ந்திருந்தது. 741-இன் 8-ஆம் காலுக்கு உள்ளே எந்த இணைப்பும் கிடையாது.

அந்த ஒரு அளவை எடுத்துவிட்டுத்தான் இன்று வரை எந்த ஆப்-ஆம்ப் சர்க்யூட்டிலும் கை வைக்கிறேன். பாடப்புத்தகத்தில் செயல்பாட்டுப் பெருக்கி என்று படித்திருப்பீர்கள், பொருள் ஒன்றுதான். பழுது என்று வரும் ஆப்-ஆம்ப் சர்க்யூட்டுகளில் ஐசி செத்திருப்பது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இது

சப்ளையை ஐசியின் கால்களிலேயே அளந்து பாருங்கள். பவர் சப்ளையின் டிஸ்ப்ளேயில் 15 என்று இருப்பதற்கும் ஐசி காலில் 15 இருப்பதற்கும் நடுவே ஒரு பிரெட்போர்டும் நாலு வயரும் இருக்கின்றன. நீள பிரெட்போர்டுகள் சிலவற்றில் சப்ளை வரிசை நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். ஒரு பாதிக்கு மட்டும் கரண்ட் வரும், மறு பாதி சும்மா இருக்கும்.

சப்ளை சரி என்றால் அப்புறம் அந்த அளவு. பிளஸ் இன்புட், மைனஸ் இன்புட் இரண்டுக்கும் நடுவே நேராக மீட்டர்.

ஏன் இது இவ்வளவு சொல்கிறது என்றால், ஆப்-ஆம்ப்புக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். இரண்டு இன்புட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும், அதைப் பிரம்மாண்டமாகப் பெருக்கி அவுட்புட்டில் தள்ளும். 741-இல் அந்தப் பெருக்கம் சுமார் 2 லட்சம் மடங்கு. அதாவது அவுட்புட்டில் 10 வோல்ட் வர, இன்புட்டுகளுக்கு இடையே 50 மைக்ரோவோல்ட் போதும். ஃபீட்பேக் ரெசிஸ்டர் அவுட்புட்டின் ஒரு பங்கை மைனஸ் இன்புட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. வித்தியாசம் கிட்டத்தட்ட மறையும் வரை அவுட்புட் நகரும், மறைந்ததும் நிற்கும். தட்டு சமமானதும் தராசு முள் நடுவில் நிற்கிற மாதிரி. ஆகவே சர்க்யூட் ஒழுங்காக ஓடும்போது இரண்டு இன்புட்டுக்கும் நடுவே சாதாரண மீட்டர் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

காட்டாவிட்டால், ஆப்-ஆம்ப் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. விடை தப்பாக வருகிறதென்றால் ரெசிஸ்டர் மதிப்பிலோ, உள்ளே வரும் சிக்னலிலோ, உங்கள் கணக்கிலோ தேடுங்கள். 10 கிலோ ஓமுக்கும் 1 கிலோ ஓமுக்கும் ஒரு கோடுதான் வித்தியாசம், ஆரஞ்சும் சிவப்பும் இரவு வெளிச்சத்தில் அண்ணன் தம்பி.

காட்டினால், அவுட்புட் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். பிளஸ் இன்புட் உயரமாக இருந்து அவுட்புட்டும் உச்சியில் (பிளஸ் சப்ளையை ஒட்டி) நின்றால் ஐசி சொன்னபடி கேட்கிறது. அது தள்ளுவது திரும்பி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பிளஸ் உயரமாக இருந்தும் அவுட்புட் அடியில் கிடந்தால் மட்டும் ஐசியைச் சந்தேகப்படலாம். அப்போதும் அவுட்புட் எங்காவது ஷார்ட் ஆகியிருக்கிறதா, இன்புட் வோல்ட்டேஜ் அந்த ஐசிக்கு ஒத்துக்கொள்ளும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான்.

அவுட்புட் உச்சியிலோ அடியிலோ ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். என் கதையைப் போல ஃபீட்பேக் அறுந்திருப்பது ஒன்று. பிளஸ், மைனஸ் இன்புட்டை இடம் மாற்றிப் போட்டிருப்பது இன்னொன்று. மாற்றிப் போட்டால் ஃபீட்பேக் வித்தியாசத்தைக் குறைப்பதற்குப் பதிலாக வளர்த்துவிடும், அவுட்புட் ஒரு பக்கமாக ஓடிப்போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். இரண்டும் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக் கூடியவை. கண்ணில் படாத ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆன் செய்ததும் நன்றாக வேலை செய்கிறது. கால் நிமிடத்தில் சத்தம் கரகரத்து, அமுங்கி, நின்றுபோகிறது. ஆஃப் செய்து கொஞ்ச நேரம் கழித்து ஆன் செய்தால் மறுபடி கால் நிமிடம். இப்படி ஒரு மைக் ப்ரீ-ஆம்ப்பை ஒருவர் கொண்டுவந்தார். 'சூடானா நின்னுடுது சார்' என்றார். தொட்டுப் பார்த்தால் ஐசி ஜில்லென்று இருந்தது.

சர்க்யூட்டில் மைக்கிலிருந்து 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக நேராக 741-இன் 3-ஆம் காலுக்கு இணைப்பு. வேறொன்றும் அந்தக் காலில் இல்லை. வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆப்-ஆம்ப் இன்புட் கரண்ட்டே எடுக்காது என்பது வகுப்பறைக்கு மட்டும். 741-இன் இன்புட்டுக்குள் சுமார் 80 நானோ ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும். கிரவுண்டிலிருந்து வர வழியில்லாததால் அந்தக் கரண்ட் கெபாசிட்டரிலிருந்துதான் வருகிறது. 80 நானோ ஆம்பியர் 1 மைக்ரோஃபாரட்டை நொடிக்கு 0.08 வோல்ட் வீதம் இழுக்கும். கெயின் 11 என்றால் அவுட்புட் நொடிக்கு 0.88 வோல்ட் நகரும். 14 வோல்ட் எல்லையைத் தொட 16 நொடி. கணக்கும் கடிகாரமும் பொருந்திப் போவதைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

மருந்து: 3-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓம். இன்புட் கரண்ட்டுக்கு வழி கிடைத்துவிட்டது. கெபாசிட்டரோடு சேர்ந்து 1.6 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டும், குரலுக்கு ஒன்றும் ஆகாது.

நகரும் திசையும் துப்புக் கொடுக்கும். 741-இன் இன்புட்டுக்குள் கரண்ட் போகிறது, அதனால் அந்தக் கால் மெல்ல மைனஸ் பக்கம் இறங்கும். எல்எம்358 என்ற இன்னொரு ஆப்-ஆம்ப்பில் இன்புட்டிலிருந்து கரண்ட் வெளியே வருகிறது, அதனால் பிளஸ் பக்கம் ஏறும். டிஎல்072 போன்ற ஜேஃபெட் இன்புட் ஐசிகளில் இது சில பத்து பிக்கோ ஆம்பியர்தான். கால் நிமிடத்தில் வரும் கோளாறு அங்கே வெகுநேரம் கழித்து வரும். வராமல் இருக்காது. சோதித்துக் கொடுத்தபோது ஓடியது, வீட்டுக்குப் போனதும் நின்றது என்ற ரகம்.

ஒட்டிக்கொள்வதற்கு இன்னொரு காரணம் சப்ளை பற்றாமை. ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை எடுத்து 741-க்குக் கொடுப்பதை ஏராளமானோர் செய்கிறார்கள். 741 ±15 வோல்ட்டுக்குப் பிறந்தது. அதன் இன்புட்டும் அவுட்புட்டும் இரண்டு சப்ளை முனையிலிருந்தும் இரண்டு வோல்ட் அளவுக்குத் தள்ளி நின்றால்தான் ஒழுங்காக நடக்கும். 5 வோல்ட்டில் மேலே இரண்டு, கீழே இரண்டு போனால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த இடத்தில் எம்சிபி6002 மாதிரி, இரு முனை வரைக்கும் போகக்கூடிய ஐசியைப் போடுங்கள். 741-ஐ சிலபஸ் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் இந்தச் சிக்கல் பாதி என்பது என் கட்சி.

டிஎல்072-இல் ஒரு விசேஷம் உண்டு. இன்புட் வோல்ட்டேஜ் மைனஸ் சப்ளைக்கு மூன்று, நாலு வோல்ட் அருகே இறங்கினால் அவுட்புட் கீழே போகாமல் திடீரென்று உச்சிக்குத் தாவும். தலைகீழ்ப் புத்தி. பெரிய சிக்னலின் அடிப்பகுதியில் மட்டும் ஒரு கூர்மையான பல் முளைத்த மாதிரி ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) தெரிந்தால் இதுதான். இன்புட்டைக் குறைத்துப் பாருங்கள், மறைந்துவிடும்.

அலையில் பாதியைக் காணோம்

9 வோல்ட் பேட்டரி ஒன்று மட்டும், இன்புட் கிரவுண்டைச் சுற்றி ஏறி இறங்குகிறது, அவுட்புட்டில் மேல் பாதி மட்டும் வருகிறது. மைனஸ் சப்ளை இல்லாத ஐசி மைனஸ் வோல்ட்டேஜுக்கு எங்கே போகும்?

இரண்டு 10 கிலோ ஓமை வரிசையாகப் போட்டு நடுவில் 4.5 வோல்ட் எடுங்கள். அந்த நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட். பிளஸ் இன்புட்டை 100 கிலோ ஓம் வழியாக அந்த நடுப்புள்ளியில் உட்கார வையுங்கள். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் கெபாசிட்டர்.

இவ்வளவும் செய்துவிட்டு 'இப்போது முழுதாகவே ஒட்டிக்கொண்டது' என்று சொல்பவர்கள் உண்டு. நான்-இன்வெர்டிங் (சிக்னல் பிளஸ் இன்புட்டுக்குள் போகும்) சர்க்யூட்டில் மைனஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரை அப்படியே விட்டிருப்பார்கள். கெயின் 100 என்றால் ஐசி அந்த 4.5 வோல்ட்டையும் சேர்த்து 100 மடங்காக்கப் பார்க்கும். அந்த ரெசிஸ்டரோடு வரிசையாக ஒரு கெபாசிட்டர் போட்டால் டிசிக்கு கெயின் 1 ஆகிவிடும். ரெசிஸ்டர் 1 கிலோ ஓம் என்றால் 10 மைக்ரோஃபாரட் போதும், 16 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யும்.

பூஜ்யத்துக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது, அல்லது மேலே முழுதாகப் போகவில்லை

இது பெரும்பாலும் எல்எம்358. எல்எம்35 வெப்ப சென்சாரை வைத்து அளக்கிறவர்கள் அடிக்கடி மாட்டுவார்கள். 358-க்கு ஒற்றை சப்ளை போதும், இன்புட் கிரவுண்ட் வரை இறங்கலாம் என்பதெல்லாம் உண்மை. மேலே மட்டும் சப்ளைக்கு ஒன்றரை வோல்ட் குறைவாக நின்றுவிடும். 5 வோல்ட் கொடுத்தால் 3.5. டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் எல்எம்35-ஐ ஐந்து மடங்காக்கினால் 70 டிகிரியில் 3.5 வோல்ட். அதற்கு மேல் எவ்வளவு சுட்டாலும் அளவு 70-லேயே நிற்கும். சென்சார் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கீழ்ப்பக்கம் இன்னும் வேடிக்கை. கிட்டத்தட்ட 0.6 வோல்ட்டுக்குக் கீழே இந்த ஐசியின் அவுட்புட்டால் 50 மைக்ரோ ஆம்பியர் அளவுதான் உள்ளிழுக்க முடியும். அவுட்புட்டில் சப்ளையிலிருந்து வரும் புல்-அப் ரெசிஸ்டரோ எல்ஈடியோ இருந்து, அதைவிட அதிகக் கரண்ட் ஐசிக்குள் வந்தால் அவுட்புட் 0.6, 0.7 வோல்ட்டில் தொங்கும். அந்தச் சுமையை எடுத்துவிட்டு, அல்லது கிரவுண்டுக்குத் திருப்பிவிட்டுப் பாருங்கள்.

358-ஐ ஆடியோவுக்குப் போட்டால் சின்ன சத்தத்தில் ஒரு கரகரப்பு வரும். அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு. அவுட்புட்டிலிருந்து மைனஸ் சப்ளைக்கு (ஒற்றை சப்ளை என்றால் கிரவுண்டுக்கு) சில கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் பெரும்பாலும் போய்விடும். அதைவிட நல்லது, ஆடியோவுக்கு 358 போடாமல் இருப்பது.

இன்புட் பூஜ்யம், அவுட்புட்டில் ஏதோ வோல்ட்டேஜ்

இங்கே இரண்டு பேர் குற்றவாளிகள், ஒருவர் முகம் மற்றவர் முகம் மாதிரியே இருக்கும். ஒன்று ஆஃப்செட்: ஐசிக்குள் இரண்டு இன்புட் டிரான்சிஸ்டரும் அச்சு அசலாக இல்லாததால் வரும் ஓரிரு மில்லிவோல்ட். கெயின் 1000 என்றால் 2 மில்லிவோல்ட் 2 வோல்ட்டாகி நிற்கும். இன்னொன்று மேலே சொன்ன இன்புட் கரண்ட்: 80 நானோ ஆம்பியர் 1 மெகா ஓம் வழியாகப் போனால் 80 மில்லிவோல்ட்.

யார் என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. இன்புட் ரெசிஸ்டர், ஃபீட்பேக் ரெசிஸ்டர் இரண்டையும் பத்தில் ஒன்றாக்குங்கள். கெயின் மாறாது. அவுட்புட்டில் இருந்த தவறும் பத்தில் ஒன்றானால் இன்புட் கரண்ட்தான் காரணம். சின்ன ரெசிஸ்டரையே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஜேஃபெட் ஐசிக்கு மாறுங்கள். தவறு அப்படியே இருந்தால் ஆஃப்செட். 741-இல் 1-க்கும் 5-க்கும் நடுவே 10 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்), நடுக்காலை மைனஸ் சப்ளையில் போட்டுத் திருகிச் சரிசெய்யலாம்.

திருகிச் சலித்துப்போய் ஓபி07 வாங்கி அதே சாக்கெட்டில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஓபி07-இன் ஆஃப்செட் சில பத்து மைக்ரோவோல்ட்தான், தங்கமான ஐசி. ஆனால் அதன் பிரீசெட் 1-க்கும் 8-க்கும் நடுவே, நடுக்கால் பிளஸ் சப்ளைக்கு. 741-க்குப் போட்ட பிரீசெட்டை அப்படியே விட்டு ஓபி07-ஐச் செருகினால் அதன் 1-ஆம் கால் மைனஸ் சப்ளைப் பக்கம் இழுபடும். முதலில் பிரீசெட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் திரும்பப் போட வேண்டிய தேவையே வராது.

சைன் அலை முக்கோணமாகிவிட்டது

அவுட்புட் ஒரு வேகத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. 741-க்கு மைக்ரோசெகண்டுக்கு 0.5 வோல்ட், டிஎல்072-க்கு 13. உச்சி 10 வோல்ட் உள்ள சைன் அலையை 741 சுமார் 8 கிலோஹெர்ட்ஸ் வரைதான் உருக்குலையாமல் தரும். 20 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் உச்சி 4 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வடிவம் கெடாமல் உயரம் மட்டும் குறைகிறதா? அது வேறு வியாதி, பேண்ட்விட்த். 741, 358 இரண்டிலும் கெயினையும் ஃபிரீக்வன்சியையும் பெருக்கினால் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்க வேண்டும். கெயின் 100 என்றால் 10 கிலோஹெர்ட்ஸிலேயே மூச்சு வாங்கும். பத்துப் பத்தாக இரண்டு கட்டமாகப் பிரித்தால் அதே ஐசியில் 60 கிலோஹெர்ட்ஸ் தாண்டிப் போகலாம். இன்புட்டைப் பாதியாக்கிப் பாருங்கள்: முக்கோணம் மறுபடி சைன் ஆனால் வேகக் குறை, உயரக் குறைவு அதே விகிதத்தில் இருந்தால் பேண்ட்விட்த்.

ஊளையிடுகிறது, அல்லது தொட்டால் மாறுகிறது

டிசி மீட்டரில் அர்த்தமில்லாத அளவு, விரலை அருகே கொண்டுபோனால் அளவு நகர்கிறது, லோடு இல்லாமலே ஐசி இளஞ்சூடு. ஸ்கோப் இல்லாதவர்களுக்கு இவைதான் அடையாளம். ஐசி தானாகவே ஆடிக்கொண்டிருக்கிறது.

முதல் சந்தேகம் சப்ளைக் காலருகே 0.1 மைக்ரோஃபாரட் இல்லாதது. 104 என்று அச்சிட்ட செராமிக், ஒவ்வொரு சப்ளைக் காலிலிருந்தும் கிரவுண்டுக்கு, ஐசியை ஒட்டி. போர்டின் மறுகோடியில் போட்டால் போடாததற்குச் சமம். இரண்டாவது, அவுட்புட்டில் நீளக் கேபிள். ஷீல்டு கேபிளில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவு இருக்கும். மூன்று மீட்டர் கேபிள் சில ஐசிகளை ஆட வைக்கப் போதும். அவுட்புட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே 47 அல்லது 100 ஓம் போடுங்கள். ஃபீட்பேக்கை அந்த ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்தே எடுக்க வேண்டும். மூன்றாவது, மெகா ஓம் கணக்கில் ஃபீட்பேக் ரெசிஸ்டர். மைனஸ் காலில் இருக்கும் சில பிக்கோஃபாரட்டோடு சேர்ந்து அது ஃபீட்பேக்கைத் தாமதப்படுத்திவிடும். ரெசிஸ்டருக்கு இணையாக 5, 10 பிக்கோஃபாரட் வைத்துப் பாருங்கள். பிரெட்போர்டில் மட்டும் ஆடி, பிசிபியில் அடங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். பக்கத்துப் பக்கத்து வரிசைகளே சின்னக் கெபாசிட்டர்கள்.

பழைய ஆட்கள் இதற்கு நிறையவே பாடுபட்டார்கள். 1965-இல் பாப் விட்லர் வடிவமைத்து ஃபேர்சைல்ட் வெளியிட்ட 709-க்கு, ஆடாமலிருக்க வெளியே கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் நாமே போட வேண்டும். 1968-இல் அதே கம்பெனியின் டேவ் ஃபுல்லகர் 30 பிக்கோஃபாரட் கெபாசிட்டரைச் சில்லுக்குள்ளேயே வைத்து 741-ஐக் கொண்டுவந்தார். அது உலகமெங்கும் ஓடியதற்குப் பெரிய காரணம் அந்தக் குட்டிக் கெபாசிட்டர். வேகம் குறைந்ததற்குக் காரணமும் அதுதான்.

ஒரே உறையில் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கும் இரட்டை ஐசியில் பயன்படுத்தாத பாதியையும் மறக்காதீர்கள். அந்தரத்தில் விட்ட இன்புட் கண்டதையும் பிடித்து ஆடி, பக்கத்து வீட்டுக்கும் சத்தம் கொடுக்கும். அவுட்புட்டை மைனஸ் இன்புட்டோடு சேர்த்து, பிளஸ் இன்புட்டைக் கிரவுண்டிலோ, ஒற்றை சப்ளையில் நடுப்புள்ளியிலோ கட்டிப்போடுங்கள்.

ஊளை இல்லாமல் 'ம்ம்ம்' என்று ஹம் மட்டும் வந்தால் அது எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். 50 என்றால் வயரிங்கிலிருந்தோ காற்றிலிருந்தோ இன்புட் பிடிக்கிறது, அல்லது இரண்டு இடத்தில் கிரவுண்ட் போட்டிருக்கிறீர்கள். 100 என்றால் பவர் சப்ளையில் ஃபில்டர் போதவில்லை. பிரிட்ஜ் டையோடு 50-ஐ 100 ஆக்கிவிடும். ஸ்கோப் இல்லாவிட்டால் இன்புட்டைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்யுங்கள். நின்றால் இன்புட் பக்கம், நிற்காவிட்டால் பெரும்பாலும் சப்ளை பக்கம்.

தொட்டி நிரம்பும் நேரத்தில் ரிலே கடகடவென்று அடிக்கிறது

ஆப்-ஆம்ப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். அளவு எல்லைக்கோட்டில் நிற்கும்போது ஒவ்வொரு சின்ன நெளிவுக்கும் அவுட்புட் மாறும். அவுட்புட்டிலிருந்து பிளஸ் இன்புட்டுக்கு 1 மெகா ஓம், பிளஸ் இன்புட்டுக்கு முன்னால் 10 கிலோ ஓம். ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு கிடைத்துவிடும். என்ஈ5532-ஐ மட்டும் இதற்குப் போடாதீர்கள். அதன் இரண்டு இன்புட்டுக்கும் நடுவே டையோடுகள் எதிரெதிராக இருக்கின்றன, அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கரண்ட் பாயும். ஒப்பிடுவதற்கென்றே உள்ள எல்எம்393-க்கு மாறினால் அவுட்புட்டில் புல்-அப் ரெசிஸ்டர் கட்டாயம். இல்லாவிட்டால் 'மேலே போகவே இல்லை' என்று புதுப் புகார் தொடங்கும்.

ஐசி கொதிக்கிறது

உடனே ஆஃப். கால் எண்களைப் பாருங்கள். எல்எம்324-இலும் டிஎல்074-இலும் பிளஸ் சப்ளை 4-ஆம் கால், மைனஸ் 11-ஆம் கால். எட்டுக் கால் ஐசிகளில் அதே 4-ஆம் கால் மைனஸ். பழக்கதோஷத்தில் கை தானாகத் தப்பாகச் செருகும். எனக்கு இரண்டு முறை ஆகியிருக்கிறது, இரண்டாவது முறை ஐசியின் தலையில் சின்னக் குமிழே வந்தது. சப்ளை தலைகீழான ஐசியை ஆறிய பிறகு ஓடினாலும் நம்ப வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஐசி தன் பெயருக்கேற்ப நடக்கவில்லை

கடைசியில் டூப்ளிகேட் சந்தேகம். இதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அது நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. ஒருமுறை மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கடையில் இருபத்தைந்து டிஎல்072 வாங்கினேன். மேலே அச்சு பளபளவென்று இருந்தது. பிக்கப் ப்ரீ-ஆம்ப்பில் போட்டால் சின்ன சத்தத்தில் அதே 358 கரகரப்பு.

ஸ்கோப் இருந்தால் பஃபராக (அவுட்புட்டை நேராக மைனஸ் இன்புட்டோடு சேர்த்து) இணைத்துச் சதுர அலை கொடுத்து ஏறும் வேகத்தைப் பார்க்கலாம். 072 நிமிர்ந்து நிற்கும், 358 மலைச்சரிவு போலச் சாயும். ஸ்கோப் இல்லாவிட்டால் மீட்டரே போதும். ±9 வோல்ட்டுக்கு இரண்டு பேட்டரி. அவுட்புட்டை மைனஸ் இன்புட்டோடு சேருங்கள். பிளஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். அவ்வளவுதான் சர்க்யூட். அவுட்புட்டை மில்லிவோல்ட்டில் அளங்கள். இன்புட் காலில் மீட்டரை வைக்காதீர்கள், அது 1 மெகா ஓமோடு சேர்ந்து அளவைக் கெடுக்கும். பிறகு 1 மெகா ஓமுக்குக் குறுக்கே ஒரு வயரை வைத்து ஷார்ட் செய்து மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்புட் கரண்ட், ஒரு மில்லிவோல்ட்டுக்கு ஒரு நானோ ஆம்பியர்.

நிஜமான 072-இல் ஷார்ட் செய்தாலும் செய்யாவிட்டாலும் அளவு அசையாது. என் ஐசிகளில் ஷார்ட்டை எடுத்ததும் அளவு பிளஸ் பக்கம் முப்பது மில்லிவோல்ட் குதித்தது. இன்புட்டிலிருந்து கரண்ட் வெளியே வருகிறது, அதுவும் நானோ ஆம்பியர் கணக்கில். உள்ளே இருந்தது 358-ஓ அதன் சொந்தக்காரனோ. ஒரு ஐசியின் தலையில் அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்துத் தேய்த்தேன், 072 என்ற எழுத்து அப்படியே பஞ்சோடு வந்துவிட்டது. இருபத்தைந்தையும் தூக்கிப் போடவில்லை. டப்பாவில் '358' என்று எழுதி வைத்து இருட்டினால் எரியும் விளக்குகளுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன.